செத்த புழுதான் ஆபத்து: ரீஃப் தொட்டியில் செந்தட்டைப்புழு வந்தால்

ரீஃப் தொட்டி என்பது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. அதில் வரும் செந்தட்டைப்புழுவைக் கொல்வது கஷ்டமே இல்லை. சின்னப் புட்டி மருந்து ஒன்று, முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். கொன்ற பிறகு தொட்டிக்குள் என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாதக்கணக்கில் இந்தப் புழுவோடு தனியாக மல்லுக்கட்டி, உப்புக்கும் கார்பனுக்கும் பணத்தைக் கொட்டி, ஆசையாக வளர்த்த மீன்களையும் சோவா என்ற பொத்தான் பவளத்தின் சில கொத்துகளையும் இழந்த பிறகு இதை எழுதுகிறேன். மருந்தின் அளவு ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. ஆனாலும் மீன்கள் செத்தன. காரணம் மருந்து இல்லை, ஒரே நேரத்தில் செத்த ஆயிரக்கணக்கான புழுக்கள் தண்ணீரில் விட்ட நஞ்சு. இந்த ஒன்று முன்பே தெரிந்திருந்தால் அத்தனையும் பிழைத்திருக்கும். அதனால் நடந்த வரிசையிலேயே, செய்ய வேண்டியதையும் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் கண்ணில் படுவது மணலிலோ பின் கண்ணாடியிலோ துருக்கறை போல ஒரு திட்டு. பழுப்புப் பாசி அல்லது சயனோ என்ற படலம் போல் படரும் பாக்டீரியா என்று நினைத்து விட்டுவிடத் தோன்றும். மதியம், விளக்கு முழு வெளிச்சத்துக்கு வந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கறை நகர்ந்தால் அது புழு. நீளம் 3 முதல் 5 மில்லிமீட்டர், செம்பழுப்பு நிறம், பின்பக்கத்தில் மூன்று வால் போன்ற நுனிகள். கடைக்காரர்கள் ரெட் பிளனேரியா என்பார்கள். கான்வொலூட்ரிலோபா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. உயிரியல்படி பார்த்தால் நன்னீர்த் தொட்டியில் வரும் பிளனேரியாவுக்கும் இதற்கும் நெருங்கிய உறவே கிடையாது. இது ஏசீல் என்ற தனிக் கூட்டம். இதை இங்கே சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. நன்னீர் பிளனேரியாவுக்கு இறால் வளர்ப்பவர்கள் போடும் ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை இதற்கும் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது ஸீனியா, கிரீன் ஸ்டார் பாலிப் போன்ற மென்பவளங்களைக் கொன்றுவிடும். காப்பர் மருந்தை நினைத்தே பார்க்க வேண்டாம். பவளம், இறால், நத்தை எல்லாமே போய்விடும், பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

எல்லாத் தட்டைப்புழுவும் பகை இல்லை. கண்ணாடியில் ஊரும் வெள்ளையான, கண்ணாடி மாதிரித் தெரியும் சின்னப் புழுக்கள் பெரும்பாலும் கோபிபாட் போன்ற சிற்றுயிர்களைத் தின்று வாழ்பவை. அவற்றை விட்டுவிடலாம். செந்தட்டைப்புழுவின் உடம்புக்குள் பாசி குடியிருக்கிறது, அது ஒளியில் தயாரிக்கும் உணவு புழுவுக்கும் போகிறது. போதாக்குறைக்குச் சிற்றுயிர்களையும் பிடித்துத் தின்னும். அதனால்தான் விளக்கு பிரகாசமாகவும் நீரோட்டம் மந்தமாகவும் இருக்கும் இடத்தில் அது குவிகிறது. பவளத்தைக் கடித்துத் தின்பதில்லை. ஆனால் மேலே போர்வையாகப் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். சோவாவும் மஷ்ரூம் பவளமும் விரியாமல் சுருங்கிக் கிடக்கும், பிறகு ஓரத்திலிருந்து கரையும். இனப்பெருக்கத்துக்குத் துணையும் தேவையில்லை. உடம்பிலிருந்தே மொட்டு விட்டுப் பிரியும். நசுங்கிய துண்டுகூட முழுப் புழுவாக வளரக்கூடியது. ஆகவே கண்ணாடியில் பார்த்ததும் விரலாலோ ஸ்கிரேப்பராலோ தேய்க்காதீர்கள். எண்ணிக்கை குறையாது, நஞ்சு மட்டும் தண்ணீரில் இறங்கும்.

இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பத்து இருபது புழு தெரியும்போதே மருந்து போட்டுவிட்டால் பெரிய ஆபத்தில்லை. தானாகப் போய்விடும், உணவைக் குறைத்தால் பட்டினியால் சாகும், மூன்று நாள் விளக்கை அணைத்து வைத்தால் அழியும் என்றெல்லாம் நம்பிக் காத்திருந்தால், சில வாரங்களில் பாறை முழுக்கச் சிவந்துவிடும். இருட்டடிப்பு எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கும், அழிக்காது. உள்ளே இருக்கும் பாசியை மட்டும் நம்பி அது வாழவில்லை, அதனால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இறக்கிவிட்டாலும் போகாது. பாறை சிவந்த நிலையில் மருந்தை எடுப்பவர்கள்தான் தொட்டியை இழக்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் புட்டியைத் தொடக்கூடாது, குழாயைத் தொட வேண்டும்.

உறிஞ்சி எடுப்பது சலிப்பான வேலை. ஆனால் மொத்தக் காரியமும் அதில்தான் இருக்கிறது. ஏர் பம்ப்புக்குப் போடும் சாதாரண ஏர்லைன் குழாய், உள்விட்டம் 4 மில்லிமீட்டர், போதும். நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதோடு பழைய பல்துலக்கி ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளுங்கள். பிரஷ் புழுவைக் கிளப்பும், குழாய் அதே நொடியில் இழுத்துக்கொள்ளும். பெரிய சைபன் குழாய் வேண்டாம். பத்து நிமிஷத்தில் பாதித் தொட்டி காலியாகிவிடும், புழு அப்படியே இருக்கும். மதிய வெளிச்சத்தில் எல்லாம் மேலே வந்து விரிந்து கிடக்கும்போது செய்ய வேண்டும். இரவிலோ விடியற்காலையிலோ பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும். ஒரு தடவைக்கு 10 லிட்டர் போல எடுத்து, அதே அளவு புது உப்புநீரைத் திருப்பி ஊற்றுங்கள். இழுத்த தண்ணீரை ஃபில்டர் சாக்கில் வடிகட்டித் திரும்ப ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். குழாயில் அடிபட்டுக் கிழிந்த புழுக்களின் நஞ்சு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, கொட்டிவிடுவதே நல்லது. உப்புச் செலவு வலிக்கத்தான் செய்யும். லிட்டருக்கு 36 கிராம் போல என்றால், 150 லிட்டர் மாற்றி முடிப்பதற்குள் ஐந்தரைக் கிலோ உப்பு போயிருக்கும். தினமும் முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒருநாள். கண்ணுக்குத் தெரியும் புழுவில் பத்தில் ஒன்பது பங்கு குறையும்வரை இதை நிறுத்தக்கூடாது. தொட்டிக்குக் கீழே தண்ணீரை வடிகட்டும் சம்ப், அதற்குத் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, கீட்டோ பாசி வைத்திருக்கும் ரெஃப்யூஜியம் என்ற அறை இவற்றையும் பார்க்க வேண்டும். வெளிச்சம் எரியும் ரெஃப்யூஜியத்தில் மேலே இருப்பதைவிட அதிகமாக இருக்கும். கீட்டோவைக் கழுவிக் காப்பாற்ற முயலாமல் தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது தண்ணீரின் அளவைக் கணக்கிடுவது. தொட்டி வாங்கியபோது சொன்ன லிட்டர் கணக்கு இதற்கு உதவாது. உள்ளளவு 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், தண்ணீர் உயரம் 40 என்றால் 162 லிட்டர் வரும். மணல் 4 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் 16 லிட்டரைக் கழியுங்கள். பாறைக்கு ஒரு 10 லிட்டர். மீதி 136. சம்பில் 60க்கு 35, தண்ணீர் 20 சென்டிமீட்டர் என்றால் 42 லிட்டர் சேரும். மொத்தம் 178, அதை 175 என்று வைத்துக்கொள்ளலாம். ‘மூன்றடித் தொட்டி, 180 லிட்டர்’ என்று சம்பை மறந்து பேசுபவர்களும் உண்டு, சம்பைச் சேர்த்துப் பாறையைக் கழிக்காமல் 225 என்று போடுபவர்களும் உண்டு. குறைவாகப் போட்டால் புழு மயங்கி எழுந்துவிடும், அதிகமாகப் போட்டால் இறாலும் நண்டும் தவிக்கும்.

மருந்து என்றால், உலகெங்கும் ரீஃப் வளர்ப்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது சாலிஃபெர்ட் நிறுவனத்தின் பிளாட்வோர்ம் எக்ஸிட். தொட்டியில் ஊற்றுவதற்கு முன் ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரை ஒரு டப்பாவில் எடுத்து, அதில் சில புழுக்களைப் போட்டு, லேபிளில் சொன்ன விகிதத்தில் மருந்தைக் கலந்து பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் சுருண்டு பிடி விட்டால் உங்கள் புழுவுக்கு அந்த அளவு வேலை செய்கிறது. அசையாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் அளவு போதாது, அல்லது மருந்து பழையது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

மருந்து போடும் நாளை விடுமுறை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து செய்கிற வேலை இல்லை இது. காலையில் ஆரம்பித்தால் இரவுவரை பக்கத்தில் இருக்க முடியும். முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டியவை இவை: தொட்டித் தண்ணீரில் பாதி அளவுக்குக் கலந்து வைத்த உப்புநீர், அதே வெப்பநிலை, அதே உப்புத்தன்மை, அதாவது ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026, மீன்களை மாற்ற ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டி, அதில் புது உப்புநீர், ஹீட்டர், ஏர் ஸ்டோன், நஞ்சையும் மருந்தையும் உறிஞ்ச நன்றாகக் கழுவிய புது ஆக்டிவேட்டட் கார்பன், சாதாரணமாகப் போடுவதைப் போல மூன்று நான்கு மடங்கு, இரண்டு பங்காகப் பிரித்து, மாற்று ஃபில்டர் சாக்குகள், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட வேண்டாம். மருந்து போட்ட நேரத்தில் கரண்ட் போனால் வேறு வழியே இல்லை. கார்பனைப் பையில் கட்டி சம்பின் மூலையில் போட்டால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தண்ணீரைக் கார்பனுக்குள் தள்ளும் ரியாக்டர் இருந்தால் அதில் போடுங்கள், இல்லையென்றால் ஃபில்டர் சாக்குக்குள்ளேயே போடுங்கள், தண்ணீர் முழுவதும் அதன் வழியாகப் போகட்டும்.

அன்று காலை விளக்கு எரிந்து புழு வெளியே வந்ததும் கடைசியாக ஒருமுறை உறிஞ்சி எடுங்கள். பிறகு கார்பனை வெளியே எடுத்து, நுரையாக்கி அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மர், யூவி விளக்கு, ஓசோன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் ஓட வேண்டும், அப்போதுதான் மருந்து சம்புக்கும் குழாய்களுக்கும் போகும். ஏர் ஸ்டோன் இரண்டு இடத்தில் ஓடட்டும். மருந்தைத் தொட்டித் தண்ணீரில் கலந்து, நீரோட்டம் இருக்கும் இடத்தில் மெதுவாக, சுற்றிலும் ஊற்றுங்கள். பதினைந்து இருபது நிமிஷத்தில் புழுக்கள் சுருண்டு பாறையை விட்டுக் கழன்று மிதக்கத் தொடங்கும். அந்தக் காட்சியைப் பார்த்ததும் மனசு குளிர்ந்து உட்கார்ந்துவிடத் தோன்றும். உட்காரக்கூடாது. வலையாலும் குழாயாலும் மிதப்பதை எல்லாம் அள்ள வேண்டிய நேரம் அதுதான். அவை உடைந்து கரைவதற்குள் வெளியே போக வேண்டும். சாக்கு நிறைய நிறைய மாற்றிக்கொண்டே இருங்கள். சாக்கில் தங்கிய பிணங்களும் தண்ணீரில்தான் ஊறிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் கண் எப்போதும் மீன்கள் மேலேயே இருக்கட்டும். நஞ்சு ஏறினால் முதலில் தெரிவது செவுள் வேகமாக அடிப்பது. அடுத்து மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறப்பது, நிறம் வெளிறுவது, சாய்ந்து நீந்துவது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழும். மென்பவளங்கள் சளி விடும். இதில் ஒன்று தெரிந்தாலும் முக்கால் மணி ஆகட்டும் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். உடனே கார்பன் உள்ளே, ஸ்கிம்மர் ஓட வேண்டும், தயாராக இருக்கும் உப்புநீரில் மாற்றம் தொடங்க வேண்டும், தவிக்கும் மீன் பிளாஸ்டிக் தொட்டிக்குப் போக வேண்டும். புழுவில் பாதி பிழைத்துவிடுமே என்ற கவலை அப்போது வேண்டாம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் அமைதியாக இருந்தால் 40 முதல் 60 நிமிஷத்தில் இதே வரிசையைச் செய்யுங்கள். 25 முதல் 30 சதவீதம் தண்ணீரை, அடியில் தேங்கிய பிணங்களோடு சேர்த்து, வெளியேற்றுங்கள். ஸ்கிம்மர் அன்று அளவுமீறிப் பொங்கும், கோப்பையை அடிக்கடி காலி செய்யுங்கள். சில மணி நேரம் கழித்து முதல் பங்கு கார்பனை எடுத்துவிட்டு இரண்டாவது பங்கைப் போடுங்கள். நீரோட்டம் தரும் சின்ன பம்ப்பான பவர்ஹெட்டை வைத்துப் பாறை இடுக்குகளை ஊதி, உள்ளே சிக்கியதைக் கிளப்பி எடுங்கள். மறுநாள் அம்மோனியா சோதனை கட்டாயம். ஏதாவது காட்டினால் இன்னொரு மாற்றம். உணவு ஒருநாள் வேண்டாம்.

ஐந்து முதல் ஏழு நாளில் இரண்டாவது முறை. தொட்டி சுத்தமாகத் தெரிவதால் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். இடுக்கில் தப்பிய பத்துப் புழு போதும், இரண்டு மாதத்தில் பழைய நிலை திரும்பிவிடும். இந்த முறை சாகும் புழு குறைவு, ஆபத்தும் குறைவு, ஆனாலும் கார்பனும் உப்புநீரும் அதே அளவு தயாராக இருக்க வேண்டும். செலவைப் பார்த்தால் மருந்துப் புட்டிதான் இதில் மிகச் சின்னச் செலவு. உப்பும் கார்பனும் அதைப் பல மடங்கு தாண்டும். ஒரே ஒரு மீன் செத்தாலும் அந்த இழப்பு அவை அத்தனையையும் தாண்டும்.

மீனை விட்டுப் புழுவைத் தின்ன வைக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். ஆறுகோட்டு ராஸ், மெலனூரஸ் ராஸ், மஞ்சள் கோரிஸ் ஆகிய மீன்கள் தின்னக்கூடும். அதே இனத்தில் ஒரு மீன் தின்னும், இன்னொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. புழு குறைவாக இருக்கும்போதும், மருந்துக்குப் பிறகு மீந்ததைக் காவல் காக்கவும் இவை நல்லவை. ஆறுகோட்டு ராஸ் முரட்டுத்தனமானது, தொட்டியில் மற்ற மீன்கள் எல்லாம் குடியேறிய பிறகு கடைசியாக விட வேண்டும். மற்ற இரண்டும் மணலில் புதைந்து தூங்குபவை, 5 சென்டிமீட்டர் மணலாவது வேண்டும். மூன்றுமே துள்ளி வெளியே விழும், மேலே வலை மூடி இல்லாமல் வாங்காதீர்கள். மாண்டரின் மீனைப் புழுவுக்காக வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். கோபிபாட் நிறைந்த முதிர்ந்த தொட்டி இல்லையென்றால் அது மெல்ல மெல்ல மெலிந்து சாகும். செலிடோனூரா வேரியன்ஸ் என்ற, நீலக் கோடுள்ள கருப்புக் கடல் நத்தை நிஜமாகவே இந்த மாதிரி ஏசீல் புழுக்களைத் தின்று வாழ்கிறது. புழு தீர்ந்ததும் அதற்கு உணவு கிடையாது, பம்ப்பில் மாட்டியும் சாகும். வேலை முடிந்ததும் புழு உள்ள இன்னொரு தொட்டிக்கு அனுப்ப ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இதுவரை சொன்னது செந்தட்டைப்புழுவுக்கு. அக்ரோபோரா என்ற கிளைவிடும் கற்பவளத்தை வளர்க்கும் வெளிநாட்டு நண்பர்களுக்கு வேறொரு புழு வரும், புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. அது பவளத்தையே தின்னும். உடம்பு பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நிறம் மங்குவதும், கிளையின் அடிப்பக்கத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்ட வெளிறல்களும்தான் அடையாளம். டர்க்கி பேஸ்டர் என்ற ரப்பர் குமிழ் வைத்த குழாயால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் கழன்று விழும். பவளத்தைக் கொஞ்ச நேரம் முக்கி எடுக்கும் டிப் மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைத் தொடாது. முட்டைகளை உயிரில்லாத எலும்புப் பகுதியில் ஒட்டி வைக்கும். 27 டிகிரி வெப்பத்தில் மூன்று வாரத்தில் பொரியும், முட்டையிலிருந்து மீண்டும் முட்டையிடும் வயது வரை 38 நாள் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஒருமுறை டிப் செய்தால் போதாது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். வாரம் ஒருமுறை, ஆறு வாரத்துக்குக் குறையாமல் டிப் செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் அடியைப் பார்த்து முட்டையைச் சுரண்ட வேண்டும். பவளம் ஒட்டியிருக்கும் பழைய பிளக் என்ற அடிக்கட்டையை வெட்டி எறிந்து புதுப் பிளக்கில் ஒட்டுவது இன்னும் நல்லது. தொட்டியில் ஒரு அக்ரோபோராகூட இல்லாமல் இரண்டு மாதம் விட்டால் உள்ளே பொரிபவை உணவின்றிச் சாகும். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கற்பவளங்களும் கடல் விசிறிகளும் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று சொல்லி யாராவது பாறையோ பவளமோ நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள்.

புழு எப்போதும் வெளியிலிருந்துதான் வருகிறது: ஃப்ராக் எனப்படும் வெட்டிய பவளத் துண்டு ஒட்டிய பிளக்கின் அடியில், நத்தை ஓட்டில், பாசிக் கொத்தில், பையின் தண்ணீரில். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே வேண்டாம். சோவா, மஷ்ரூம் போன்றவற்றுக்கு நன்னீர்க் குளியல் நல்ல பலன் தரும். ஆர்ஓ தண்ணீரைத் தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் சமையல் சோடாவால் பிஎச் 8.2 அளவுக்கு ஏற்றி, ஒன்று முதல் ஒன்றரை நிமிஷம் முக்கி மெதுவாக ஆட்டினால் புழு கழன்று அடியில் விழும். வெள்ளை வாளியில் செய்தால் தெளிவாகத் தெரியும். ஸீனியாவுக்கும் அக்ரோபோரா வகைகளுக்கும் நன்னீர் ஆகாது, அவற்றுக்குப் பவளத்துக்கென்றே விற்கும் டிப் மருந்துதான். பிறகு ஒரு சின்னத் தனித்தொட்டியில் குறைந்தது ஆறு வாரம். 20 லிட்டர் தொட்டி, சின்ன விளக்கு, ஒரு பவர்ஹெட், ஹீட்டர், வாரம் பாதித் தண்ணீர் மாற்றம், இவ்வளவுதான் தேவை. பாறை போடாதீர்கள், அடி வெறுமையாக இருந்தால் விழும் புழு கண்ணில் படும். அந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனி இடுக்கி, தனிக் குழாய் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொட்டியில் புழு வந்து போயிருந்தால், கடைசிப் புழுவைப் பார்த்து மூன்று மாதமாவது ஆகும்வரை யாருக்கும் ஃப்ராக் வெட்டிக் கொடுக்காதீர்கள். அதன் பிறகு கொடுக்கும்போதும் வாங்குபவரிடம் இந்தத் தொட்டியில் புழு இருந்தது, டிப் செய்துவிட்டு விடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.